முப்பத்தேழு புள்ளி எட்டு

விடிகாலை நாலே முக்காலுக்கு
உன் இடது கால் என்னை உதைத்தது.

முதல் தடவை அது உதைத்தபோது
துள்ளி எழுந்து விளக்கைப் போட்டு
அழுதேன், தவமணி.
ஜூரோங்கில் தூங்கிக்கொண்டிருந்த உன் அண்ணனை எழுப்பி
"கால் அசையுது மச்சான், கால் அசையுது" என்று
தொலைபேசியில் கத்தினேன்.
அன்று சாயங்காலம் தாதி ரோஹானி
என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்:
சிறுநீரில் கிருமி, அங்கிள்.
கீழே நடப்பதை மேலே சொல்ல வழியில்லாத உடம்பு
இப்படித்தான் கதவைத் தட்டும்.

ஆறு வருஷமாகிவிட்டது.
இப்போது நீ உதைத்தால் நான் அழுவதில்லை.
கட்டிலோரம் தொங்கும் பையைப் பார்க்கிறேன்.
தெளிந்திருந்தால் சீனத் தேநீர்,
கலங்கியிருந்தால் அரிசி களைந்த தண்ணீர்.
இன்று இரண்டுக்கும் நடுவே
நேற்று வைத்த பார்லி மாதிரி இருக்கிறது.
குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று
தடவிக்கொண்டே போகிறேன். மடங்கவில்லை.
வாசனையும் சரியில்லை.
பஸ் பட்டறையில் முப்பது வருஷம்
எண்ணெய் வாசனையை வைத்தே
எந்த இன்ஜின் என்று சொன்னவன் நான்.

"எத்தனை?" என்கிறாய், கண் திறக்காமல்.
"முப்பத்தேழு புள்ளி எட்டு."
"பாஸா, பெயிலா?"

மைலோ டின்னுக்குள்
போன தடவை மிச்சமான மாத்திரை நாலு கிடக்கிறது.
என் கை அந்தப் பக்கம் போவதற்குள்
கணக்கு டீச்சர் விழித்துக்கொள்கிறாள்:
"போன கணக்கோட விடையை
இந்தக் கணக்குக்கு எழுதாதீங்க."

சரி. தண்ணீர் தருகிறேன், உறிஞ்சியில் குடிக்கிறாய்.
உன்னைப் பக்கவாட்டில் திருப்பி
டார்ச் அடித்து முதுகு, இடுப்பு, குதிகால்.
வலது குதிகாலில் பத்துக் காசு அளவு சிவப்பு.
அழுத்துகிறேன், வெளுக்கிறது.
விடுகிறேன், சிவப்பு திரும்புகிறது.
திரும்பி வருகிற வரைக்கும் நல்லதுதான்.
தலையணையைக் கெண்டைக்காலுக்குக் கீழே தள்ளி
குதிகாலைக் காற்றில் மிதக்கவிடுகிறேன்.
சின்ன விரல் நகத்தோரம்? ஒன்றுமில்லை.

"டார்ச்சை இங்கே கொண்டாங்க."
"எதுக்கு?"
"கொண்டாங்க."

என் கட்டைவிரலைப் பிடித்து
வெளிச்சத்தில் வைக்கிறாய்.
நகத்தைச் சுற்றி வீங்கி, பளபளத்து,
ஓரத்தில் மஞ்சளாய் ஒரு கோடு.

"இது என்ன?"
"நாற்காலி பிரேக்கில் மாட்டிக்கிச்சு."
"எப்போ?"
"வியாழக்கிழமை."
"இதோடதான் என் குழாயைத் தொட்டீங்களா?"
"கையுறை போட்டுத்தான்."
கொஞ்ச நேரம் பேசவில்லை நீ.
மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்றியது.
பிறகு,
"வலிக்குதா?"
"வலிக்குது."
"எனக்கு வலிக்காது, அதனால சொல்றதில்ல.
உங்களுக்கு என்ன சாக்கு?"

விடையில்லை.
டார்ச்சை அணைக்காமல் நின்றேன்,
சுவரில் என் கட்டைவிரல்
பூசணிக்காய் அளவுக்கு நிழலாய் விழுந்திருந்தது.

ஏழரைக்கு மின்தூக்கிக்குள்
பக்கத்து வீட்டு மேடம் கோ, கையில் காய்கறிப் பையுடன்,
வழக்கம்போல் என்னைப் பார்த்து
"மனைவிக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.
நீ முந்திக்கொண்டாய்.
"இவருக்குத்தான்," என்றாய்.

தள்ள வந்த என்னை விலக்கி
கூரை போட்ட நடைபாதையில்
நீயே சக்கரத்தை உருட்டிப் போகிறாய்,
காய்ச்சலோடு, மடியில் இருவரின் அடையாள அட்டையோடு.
கட்டைவிரலை மேலே தூக்கிக்கொண்டு
பின்னால் ஓடி வருகிறேன்,
யாருக்கோ 'சரி' என்று காட்டுகிறவன் போல.

பலதுறை மருந்தகத்தில்
முகப்புப் பெண் கேட்கிறாள்: யாருக்கு எண் வேண்டும்?

இரண்டு விரலைக் காட்டுகிறாய்.
பக்கத்துப் பக்கத்து எண் கிடைக்கவில்லை.
உனக்கு நாற்பத்தொன்று, எனக்கு நாற்பத்தாறு.
"நடுவுல நாலு பேர்," என்கிறாய்,
நெற்றியை என் முழங்கையில் சாய்த்தபடி.
சூடாகத்தான் இருக்கிறது.